நெஞ்சுக்கு ஒரு ஊசி

என் கணவர் லொறி ஓட்டியவர். எங்கள் பக்கத்து நெல்லை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், திரும்பும்போது சீமெந்தோ சீனியோ ஏற்றி வருவார். சுனாமிக்கு முந்தின வருடம் ஒரு பயணம் முடிந்து காய்ச்சலோடு வந்து படுத்தார். இருமல் வந்தால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவார். நியுமோனியா என்று சொல்லி ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தார்கள். அங்கிருந்து அவர் உயிரோடு வரவில்லை.

சாவீட்டுத் துடக்குக் கழிந்ததும் என்னை வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் அனுப்பினார்கள். அவரைப் பார்த்த டொக்டர் என்னை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“உங்கட அவருக்கு எச்.ஐ.வி இருந்தது, அம்மா. அதாலதான் அந்த நியுமோனியா அவரை விடயில்ல. உங்களையும் சோதிச்சுப் பாக்க வேணும்.”

நான் அழவில்லை. அவரைக் கோபிக்கவும் அந்த நேரம் தோன்றவில்லை. யாருக்காவது கேட்டிருக்குமோ என்று பக்கங்களைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு பொம்பிளை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது போலவே எனக்கு உடம்பு கூசியது.

இரத்தத்தைச் சோதித்தபோது எனக்கும் இருந்தது.

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டியில் இருந்தது. அந்தத் தெருவில் என்னிடம் சட்டை தைக்காத பொம்பிளை இல்லை. அவர்களுடைய உடம்பைத் தொட்டு அளவெடுக்கிற கை என்னுடையது. இந்த விஷயம் வெளியே போனால் அந்தக் கையை யாரும் கிட்ட விடமாட்டார்கள். அதனால் மட்டக்களப்பில் மருந்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுவேன். சொன்னதற்காக உண்மையாகவே கொஞ்சம் துணியும் வாங்கி வருவேன்.

அங்கே கிளினிக்கில் ஒரு வெள்ளைக் குளிசை தந்தார்கள். “இது ஒவ்வொரு நாளும் எடுக்க வேணும். நெஞ்சில வாற வருத்தங்களைத் தடுக்கும்” என்று அங்கிருந்த நேர்ஸ் மிஸ் ஒருவர் தமிழில் சொன்னார். எச்.ஐ.விக்கான பெரிய மருந்தைப் பிறகு தொடங்கலாம் என்றார்கள். போத்தலில் இருந்த பெயரைக் கிழித்து எறிந்துவிட்டு, குளிசைகளை ஊசி நூல் போடும் தகரப்பெட்டியில் வைத்தேன்.

கடல் வந்த காலையில் அந்தப் பெட்டியும் மெஷினும் வீடும் ஒன்றாகப் போயின. என்னைத் தண்ணீர் வாவிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வாவியோரத்துக் கண்ணா மரக் காட்டுக்குள் என் சாறி சிக்கியதால் தப்பினேன். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் மிச்சமில்லாத வீடுகள் இருந்தன. முன் வீட்டுக்காரி ஒரு பிள்ளையைக்கூடக் கையில் பிடித்துவைக்க முடியாமல் போனவள். முகாமில் அவள் என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தாள்.

“உங்களுக்கு ஆயுசு கெட்டி, அக்கா” என்று ஒருநாள் சொன்னாள். அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். ஒரு நோயும் இல்லாத அவள் பிள்ளைகள் போயிருக்க, உள்ளே இதை வைத்துக்கொண்டு நான் மிஞ்சியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. யாருடைய இடத்தையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். வெளிநாட்டு டொக்டர்மார் மேசை போட்டு மருந்து கொடுத்தார்கள். மொழிபெயர்க்க நின்ற பெடியன் சத்தமாகக் கேட்டான்: “நாளாந்தம் குளிசை எடுக்கிற ஆக்கள் இரிக்கீங்களா? வந்து சொல்லுங்க.” பிரஷர்காரர் போனார்கள், சீனி வருத்தக்காரர் போனார்கள். எனக்கு முன்னும் பின்னும் தெரிந்த முகங்கள். என் முறை வந்தபோது காலில் இருந்த வெட்டுக்காயத்தை மட்டும் காட்டி மருந்து கட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு நிறுவனம் அதே இடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கல்வீடு கட்டித் தந்தது. மெஷினும் கிடைத்தது. திரும்பவும் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கினேன். இந்த முறை பெரிய மருந்தையும் தொடங்கினார்கள். அது ஒரு நாளும் விடக்கூடாத மருந்து. ஆனால் சண்டை திரும்பவும் மூண்டுவிட்டது. சில கிழமைகளில் பாதை பூட்டு. சில கிழமைகளில் பஸ் ஓடும், ஆனால் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு ஆமிக்காரப் பொம்பிளை என் குளிசைப் போத்தலைத் தூக்கிப் பிடித்து, சிங்களத்தில் என்ன இது என்று கேட்டாள். பஸ்ஸில் வந்த எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டு அந்தப் போத்தலைப் பார்த்தார்கள். “விற்றமின்” என்றேன். அவள் தந்துவிட்டாள். அதற்குப் பிறகு போகப் பயந்து ஒரு பயணத்தை விட்டேன். பிறகு இன்னொன்றை விட்டேன். கையில் இருந்த குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து இழுத்தடித்தேன்.

அந்த நாட்களில்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஷெல் அடி தொடங்கியது. கரடியனாற்றில் வாழ்க்கைப்பட்டிருந்த மச்சாள், என் கணவரின் தங்கச்சி, பிள்ளைகளோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தாள். அவள் புருஷன் மாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டான். தறப்பாள் முகாமுக்குப் போகப் பார்த்தவளை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

கூட்டி வந்த பிறகுதான் பயம் பிடித்தது. அந்த ஒற்றை அறை வீட்டில் நான் என் கோப்பையைத் தனியாக வைத்தேன். என் துவாயை முகட்டுக் கம்பில் உயரத்தில் போட்டேன். ஊசி விரலில் ஏறினால் வெளியே ஓடிப்போய்க் கழுவுவேன். இப்படியெல்லாம் அது பரவாது என்று கிளினிக்கில் சொல்லித்தான் இருந்தார்கள். தலைக்குத் தெரியும், மனம் கேட்காது. மச்சாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சுத்தம் கூடிப்போச்சு என்று நினைக்கிறாள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

மாரி பிடித்தது. பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும். நெருப்பு ஈர விறகில் புகைந்துகொண்டே இருக்கும், கதவைத் திறக்கவும் முடியாது. ஒரு பின்னேரம் மெஷினில் இருக்கும்போது எனக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொள்ளும் குளிர். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குள் கத்தியால் குத்துவது போல வலி. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. இருமித் துப்பினபோது சளி துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் வந்தது. மச்சாள் அதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கண்டேன்.

“எழும்புங்க மச்சாள், ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“காய்ச்சல்தானே. நாளைக்குப் பாப்பம்.”

“அண்ணனும் இப்பிடித்தான் சொன்னவர்” என்றாள். ஓட்டோவை அவளே போய்ப் பிடித்து வந்தாள்.

வாட்டில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை. என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள்.

“அம்மா, இதுக்கு முதல் வேற வருத்தம் ஏதாவது? சீனி? பிரஷர்? ஆஸ்மா? நாளாந்தம் எடுக்கிற மருந்து?”

மச்சாள் பிளேன்ரீ போத்தலோடு கட்டில் கால்மாட்டில் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரியும் அவளைப் பார்க்க வந்தவர்களும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்டும் இல்ல” என்றேன்.

டொக்டர் போனார். மச்சாளும் போத்தலை வைத்துவிட்டு வெளியே போனாள். சாப்பாடு வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் திரும்பி வந்தார். சக்கரம் வைத்த மறைப்பை இழுத்துக் கட்டிலைச் சுற்றி வைத்தார். ஒரு கதிரையைப் போட்டு என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து மெதுவாகப் பேசினார்.

“உங்கட மச்சாள் வெளியில வந்து என்னட்ட ஒண்டு சொன்னா. உங்கட அவருக்கு என்ன வருத்தம் இருந்ததெண்டு. உங்களுக்கும் அது இரிக்கா அம்மா?”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பும்போது விலாவில் உயிர் போகிற வலி. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

“நல்லது, இப்பவாவது தெரிஞ்சது. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா இது தெரியாம மருந்து குடுத்திருந்தா நாங்க பிந்தியிருப்பம்” என்று சொன்னார்.

மருந்தை மாற்றினார்கள். ஒட்சிசன் குழாய் வைத்தார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் நீர் கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டு இழுத்தார்கள். அந்த நாட்களில் பாதி எனக்கு நினைவில்லை. நினைவு வரும்போதெல்லாம் மச்சாள் கதிரையில் இருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூச்சு இளகி, வைத்ததைச் சாப்பிடத் தொடங்கின பிறகு ஒருநாள் கேட்டேன்.

“உனக்கு எப்ப தெரியும்?”

அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அண்ணன் சாகக்குள்ள. நீங்க உடுப்பு மாத்த வீட்ட போன நேரம் சொன்னவர்.”

“உனக்குச் சொன்னவர். எனக்குச் சொல்லயில்ல.”

“உங்களுக்குச் சொல்ல அவருக்கு வெக்கம், மச்சாள்.”

“நீயும் கேக்கயில்லயே. இவ்வளவு காலமும்.”

“எங்கட வீட்டு ஆம்பிள உங்களுக்குக் கொண்டுவந்து தந்தது. நான் என்னெண்டு உங்கட முகத்தப் பாத்துக் கேக்கிறது? நீங்க கோப்பையத் தனிய வைக்கக்குள்ள எல்லாம் எனக்குத்தான் கூசினது.”

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவள்மேல் அல்ல, செத்துப்போனவர் மேல். அவர் இறந்தபோது வர வேண்டிய கோபம், இத்தனை காலம் கழித்து, எழும்பி உட்காரவும் பெலனில்லாத கட்டிலில் வந்தது. தோடம்பழச் சுளையை அவள் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் அதைத் தட்டில் வைத்தாள். பின்னேரம் அவள் பிள்ளைகளைப் பார்க்கப் போன பிறகு எடுத்துச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு விடுவதற்கு முன் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் வளர்ந்த கிருமி நியுமோகொக்கஸ் என்று சொன்னார். அது புதினமான கிருமி இல்லை, எத்தனையோ பேரின் மூக்கிலும் தொண்டையிலும் வந்து தங்கிவிட்டுப் போகும், சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் கூட. மற்றவர்களுக்குத் தடிமனோடு போகக்கூடியது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு, அதுவும் மருந்து விட்டு விட்டு எடுக்கிறவர்களுக்கு, நெஞ்சுக்குள் இறங்கும், இரத்தத்தில் கலக்கும், சிலருக்கு மூளையைச் சுற்றியும் போகும். ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்றும் இல்லை.

மச்சாள் பயந்துபோனாள். “அப்ப என்ர புள்ளைகளின்ர இருமல்தான் இவவுக்கு வந்ததா?”

“வந்திருக்கலாம். ஆரில இருந்தெண்டு சொல்ல ஏலாது. புள்ளைகளத் துரத்த வேணாம். இருமக்குள்ள வாயப் பொத்தப் பழக்குங்க, கையக் கழுவ வையுங்க. சன்னலத் திறந்து விடுங்க. அடுப்பப் புகையில்லாத இடத்துக்கு மாத்துங்க.”

இவ்வளவு காலமும் என்னிடமிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் போய்விடும் என்று நான் கோப்பையை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன். வந்தது அந்தப் பக்கத்தில் இருந்து என் பக்கத்துக்கு. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் நின்று பயந்திருக்கிறேன்.

“தடுக்கிறதுக்கு என்ன செய்யலாம்?” என்று மச்சாள்தான் கேட்டாள்.

“முதலாவது, அந்தப் பெரிய மருந்து ஒரு நாளும் பிந்தக் கூடாது. மற்றது, இந்தக் கிருமிக்கு ஒரு தடுப்பூசி இரிக்கு. இப்பவே போட்டா உடம்புக்கு அதக் கவனிக்கிற பெலன் இல்ல. மருந்த ஒழுங்கா எடுத்து, எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் ஏறினாப் பிறகு போடோணும். அதுக்குப் பிறகு அஞ்சு வருஷத்தால இன்னொண்டு. வருஷா வருஷம் சளிக்காய்ச்சலுக்குப் போடுற ஊசியும் கிடைச்சாப் போடுங்க.” இங்கே அந்த ஊசி இருப்பில் இல்லை, கொழும்புக் கிளினிக்கில் கேளுங்கள் என்றும் சொன்னார்.

அதன்பிறகு மச்சாள் எனக்குக் காவல்காரியாகிவிட்டாள். சோறு போடுவதற்கு முதல் குளிசையை உள்ளங்கையில் வைப்பாள். நான் விழுங்கும்வரை நிற்பாள். அடுப்பை வெளியே கிடுகு மறைப்புக்குள் மாற்றினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒவ்வொரு குளிசையும் என் நோயை ஒரு சாட்சியின் முன்னால் விழுங்குவது போலக் கூசியது. ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“நான் என்ன சின்னப் புள்ளயா?”

“இல்ல மச்சாள். ஆனா அண்ணனுக்கு நான் ஒண்டும் செய்யயில்ல” என்றாள். குளிசையை வாங்கி விழுங்கினேன்.

கொழும்பில் சோதித்து, இப்போது ஊசி போடலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு போன பயணத்துக்கு மச்சாளும் வந்தாள். பிள்ளைகளை முன் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வந்தோம். சோதனைச் சாவடியில் திரும்பவும் பையைக் கொட்டினார்கள். போத்தல் வெளியே வந்தது. நான் வாய் திறக்குமுன் மச்சாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “அசனீப” என்றாள். வருத்தம் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அது. பையைக் கொட்டிய ஆமிக்காரப் பொம்பிளை போத்தலைத் தானே பைக்குள் வைத்து மூடித் தந்தாள். நான் இத்தனை பயணத்தில் ஒருமுறையாவது அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் ஏறின பிறகு நினைத்தேன்.

ஊசியை மேல்கையில், தோளுக்குக் கீழே போட்டார்கள். எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது. இரவு கை வீங்கிக் கொஞ்சம் காய்ச்சலும் காய்ந்தது. இது காப்பாற்றும், ஆனால் எல்லா நியுமோனியாவையும் மறிக்காது, காய்ச்சலோடு மூச்சு முட்டினால் உடனே வந்துவிடுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

படுவான்கரை அடங்கி, ஆட்களைத் திரும்பப் போகவிட்டபோது மச்சாளும் கரடியனாற்றுக்குப் போய்விட்டாள். மாடுகளில் பாதி இல்லை, புருஷன் இருந்தான். அது அவளுக்குப் போதும் என்றாள்.

வன்னியில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாளில் நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெருவில் கதவுகள் சாத்திக் கிடந்தன. அங்கே எத்தனை சனம் செத்திருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். நான் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனிக் கொழும்புக்குப் பாதை பூட்டமாட்டார்கள், மருந்து பிந்தாது என்பதுதான். அந்த நினைப்பு வந்ததை நான் மச்சாளிடம்கூடச் சொன்னதில்லை.

இரண்டாவது ஊசிக்குக் காலம் வந்தபோது நான் கொழும்புக்குப் போகவில்லை. மட்டக்களப்பிலேயே மருந்து எடுக்கத் தொடங்கியிருந்தேன். துணிவு வந்ததால் அல்ல, அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க உடம்பு கேட்கவில்லை. ஊசியை வரவழைத்துத் தந்தார்கள். போட்டுக்கொண்டு வெளியே வரும்போது, கிளினிக் வாசலில் போட்டிருந்த வாங்கில் ஏறாவூரைச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். என்னிடம் நெடுங்காலம் சட்டை தைக்கிறவள். புருஷன் வெளிநாட்டில் இருந்து வந்து கொஞ்ச காலம். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு வெளிப் படலை வரைக்கும் போய்விட்டேன்.

படலையில் நின்று யோசித்தேன். முகம் எரிந்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நெஞ்சுக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி இரிக்கு” என்றேன். “அவங்களாச் சொல்ல மறந்தாலும் கேட்டுப் போடுங்க. எனக்கு முதல் ஒருக்கா வந்து சாகப் போனனான்.”

நான் எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். பெருநாள் வந்தது, மற்ற ஏறாவூர்க்காரிகள் வந்தார்கள், அவள் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று பல நாள் நினைத்தேன். அவள் போய் யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்காகவும் வெட்கப்பட்டேன், அவளுக்கும் அதே பயம்தானே இருந்திருக்கும்.

அடுத்த மாரிக்கு முந்தி ஒரு காலையில் அவள் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். வாங்க என்றேன். வழக்கம்போல அளவுநாடாவை எடுத்தேன். தோளை அளந்து கைக்கு வரும்போது அவள் சற்று விலகினாள்.

“இந்தக் கைய மெல்லப் புடிங்க. நோகுது. நேத்துப் போட்டது” என்று சொன்னாள்.

நான் மற்றக் கையை அளந்தேன்.